அரளிப் பூச்சியைக் கண்டுபிடிப்பது எப்படி: புழுக்கையில் தொடங்கி இறக்கை வரை

எங்கள் அரளிக் காடு சேலத்துக்குத் தெற்கே, பனமரத்துப்பட்டிப் பக்கம். அரை ஏக்கர். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் பக்கம் காடு என்றால் தோட்டம், யானையெல்லாம் வராது. விடியக்காலம் மூன்றரைக்கு நெத்தி லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்க இறங்கினால்தான் நேரத்துக்குப் பூ மார்க்கெட் போய்ச் சேர முடியும்.

அப்படி ஒரு ஐப்பசி மாதம், மழை விட்ட மறுநாள், கைக்கு எட்டுகிற கொப்பில் ஓர் இலை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று துளிகூட இல்லை. லைட்டைக் கிட்டே கொண்டுபோனால் அது இலையே இல்லை, பூச்சி. உள்ளங்கை அகலம். பச்சையும் ரோஜா நிறமுமாக, பட்டுப்புடவை முந்தானையைக் கத்தரித்து ஒட்டியதுபோல இருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டு, அவர் வரிசையைத் தாண்டி வருவதற்குள் விர்ரென்று போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேல் அதே செடிகளில் மொட்டுப் பறித்த குடும்பம் எங்களுடையது. அதற்கு முன் எங்களில் ஒருவர்கூட அந்தப் பூச்சியைப் பார்த்ததில்லை. புழுவை மட்டும் எல்லோருக்கும் தெரியும். "கண்ணுப்புழு" என்பார் அம்மா. இரண்டும் ஒன்றுதான் என்று அவரை நம்பவைக்க எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

பூச்சியின் அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை. ஆங்கிலத்தில் ஓலியாண்டர் ஹாக்மாத் என்பார்கள். தமிழில் அரளிப் பருந்து அந்துப்பூச்சி என்று எழுதலாம், நான் சுருக்கமாக அரளிப் பூச்சி என்கிறேன். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். நீரியை என்பது நீரியம், அதாவது அரளியின் தாவரப் பெயரிலிருந்து வந்தது. ஆக, எங்கே தேட வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

பூச்சியைத் தேடாதீர்கள்

பலரும் செய்கிற தப்பு, ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு பூச்சியைத் தேடுவது. பகலில் அது இலைகளுக்கு நடுவே இலையாகவே உட்கார்ந்திருக்கும். ராத்திரி கண்ணில் நிற்காத வேகத்தில் பறக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு. புழுவைத் தேடினால் அதிர்ஷ்டமே தேவையில்லை. புழுவையும் நேராகத் தேட வேண்டாம், முதலில் தரையைப் பாருங்கள்.

வளர்ந்த புழு போடும் புழுக்கை மிளகு அளவு இருக்கும். ஒன்றை எடுத்து விரலில் உருட்டிப் பாருங்கள். நீளவாக்கில் பள்ளம் பள்ளமாக, சின்ன பீப்பாய் மாதிரி, குறுக்கே பார்த்தால் பூப்போல இருக்கும். புதிதாக விழுந்தது கரும்பச்சை, நசுக்கினால் இலைச்சாறு ஒட்டும். நாள்பட்டது கறுத்து உதிரும். மாடியில் அடீனியம் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், வெள்ளை டைல்ஸில் மிளகைக் கொட்டியதுபோல் தெரியும். பச்சைப் புழுக்கை கிடந்தால் அதற்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். நுனி இலைகள் நடுநரம்பு மட்டும் மிஞ்சியோ, அதுவும் இல்லாமல் வெறும் காம்பாகவோ நிற்கும். அதற்கு ஒரு சாண் கீழே, தண்டின் நிழல் பக்கம், தலைகீழாகப் புழு ஒட்டியிருக்கும். பகலில் பத்து மணிக்கு மேல் அசையவே அசையாது. என் மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இப்படி அரை மணி நேரத்தில் நாலு புழு கண்டுபிடித்தாள்.

அரளி மட்டுமில்லை. நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடீனியம் எல்லாமே இதற்குச் சாப்பாடு. எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். என் அனுபவத்தில் அரளியைவிட நந்தியாவட்டையில்தான் சீக்கிரம் கிடைக்கிறது. இலை மெல்லிசு, செடியும் குட்டை, பார்க்க வசதி. அதோடு, விற்பனைக்கு வளர்க்கும் அரளியில் மருந்து அடிப்பார்கள், வீட்டு நந்தியாவட்டைக்கு யார் மருந்து அடிக்கப் போகிறார்கள்?

ஒரு எச்சரிக்கை. அரளியின் எல்லாப் பாகமும் விஷம், இதயத்தைத் தாக்கும் விஷம். நாலுவழிச் சாலை நடுவில் அதை வரிசையாக நட்டிருப்பதற்கு ஆடு மாடு பொதுவாக வாய் வைக்காது என்பதும் ஒரு காரணம். இலை கிள்ளிய கையைக் கண்ணிலோ வாயிலோ வைக்காதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் கூட வந்தால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் செடிப்பக்கம் விட வேண்டும். புழு கடிக்காது, கொட்டாது. வாலில் இருக்கும் கொம்பு வெறும் பொம்மைக் கொம்பு.

புழுவைப் பார்த்து உறுதி செய்வது

முட்டை வெளிர்பச்சை, கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. இளந்தளிரில் ஒன்றொன்றாகத்தான் வைக்கும், குவியலாக இருந்தால் வேறு ஏதோ. பொரித்து வரும் குஞ்சுப்புழு மஞ்சளாக, நூல் துண்டுபோல இருக்கும், ஆனால் கொம்பு மட்டும் கறுப்பாக, உடம்புக்குச் சற்றும் பொருந்தாத நீளத்தில் நிற்கும். இரண்டு மூன்று நாளில் பச்சையாகிவிடும். இந்த வயசில் இது என்ன புழு என்று நானும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். தோல் உரிக்க உரிக்கக் கொம்பு குட்டையாகிக்கொண்டே வரும். கடைசித் தோலில் பார்த்தால் ஆரஞ்சு கலந்த மஞ்சளில், நுனி மட்டும் கறுத்து, கீழ்நோக்கி வளைந்த ஒரு குட்டை முளை, அவ்வளவுதான்.

அந்த வயசில் புழு ஆள்காட்டி விரல் நீளம், ஏழரை எட்டு சென்டிமீட்டர் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது கண். நிஜக் கண் இல்லை. தலைக்குச் சற்றுப் பின்னால், முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு பெரிய வட்டம், உள்ளே நீலம் கலந்த வெள்ளை, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. புழு சும்மா இருக்கும்போது அந்த வட்டம் தோல் மடிப்பில் பாதி மறைந்திருக்கும். ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொடுங்கள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்தை உப்பவைத்து, இரண்டு கண்ணையும் அகலத் திறந்து காட்டும். பாம்பு என்று நினைத்து நானே ஒருமுறை கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன், மொட்டு ஒன்றரைக் கிலோ மண்ணில் போனது.

இரண்டாவது, விலாவில் நெடுக ஓடும் வெள்ளைக் கோடு. நேராகக் கொம்பின் அடிவரை போகும். அதன் மேலும் கீழும் வெள்ளையும் வெளிர்நீலமுமாகப் பொடிப் புள்ளிகள், கோலமாவு சிந்தியதுபோல. கோடு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். எள்ளுச் செடியில் வரும் கொம்புப்புழுவுக்கு விலாவில் சாய்கோடுகள், ஏழு வரிசை. சேம்பிலும் காசித்தும்பையிலும் வருகிற இன்னொன்றுக்குக் கண்கள் உடம்பு நெடுக வரிசையாக இருக்கும். நம்முடையதற்கு ஒரே ஜோடிக் கண், ஒரே நேர்கோடு.

மூன்றாவது, அது உட்கார்ந்திருக்கும் செடி. இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், ஏனென்றால் அரளியில் இன்னொரு வாடிக்கையாளரும் உண்டு. வெண்புள்ளிக் கருப்பன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. அதற்கு வாலில் கொம்பு கிடையாது, மாறாக முதுகில் நாலு ஜோடி கறுத்த மீசைகள் நீட்டிக்கொண்டிருக்கும், உடம்பில் குறுக்குப் பட்டைகள். அதன் கூடு வெள்ளி மாதிரிப் பளபளவென்று இலைக்கு அடியில் தொங்கும். அரளிப் பூச்சியின் கூடு எங்கேயும் தொங்காது. இது தெரியாமல்தான் பலர் அந்த வெள்ளிக் கூட்டைப் படம் எடுத்து அரளிப் பூச்சி என்று வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று: பச்சைப் புழு ஒரு நாள் திடீரென்று முதுகு கறுத்து, உடம்பு செங்கல் நிறமாகிச் செடியிலிருந்து இறங்கித் தரையில் வேகவேகமாக ஓடும். நோய் இல்லை. கூடு கட்ட இடம் தேடுகிறது. தெருவில் இப்படி ஓடும் புழுவை மிதித்துக் கொல்பவர்கள் அதிகம். முடிந்தால் பக்கத்துச் சருகுக்குள் எடுத்து விடுங்கள்.

வளர்த்துப் பார்ப்பது

அம்மாவை நம்பவைக்க நான் செய்தது இதுதான். முதல் தடவை கெடுத்தேன், அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு லிட்டர் கொள்ளும் டப்பா, வாயில் கொசுவலைத் துணி, ரப்பர் பேண்ட். ஒரு டப்பாவுக்கு இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியின் இலையைத்தான் போட வேண்டும். அரளியில் வளர்ந்ததை நடுவில் நந்தியாவட்டைக்கு மாற்றினேன், ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்ததே தவிரத் தொடவில்லை. இலை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், மருந்து படாததாக இருக்க வேண்டும். காலையும் மாலையும் புழுக்கையைக் கொட்டிவிடுங்கள். சேரவிட்டால் பூஞ்சை பிடித்துப் புழு கறுத்துத் தொங்கிவிடும். கடைசி நாலைந்து நாளில் அது தின்கிற வேகத்துக்கு இலை பறித்து மாளாது. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுப் படுத்தால் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும்.

நிறம் மாறியதும் டப்பாவின் அடியில் நாலு விரல் உயரத்துக்குக் காய்ந்த சருகு போடுங்கள். அதற்குள் போய், மஞ்சள் நூலால் நாலு சருகை இழுத்துக் கட்டிக்கொண்டு படுத்துவிடும். பட்டுக்கூடு மாதிரிக் கெட்டியாக எதிர்பார்க்காதீர்கள், வலை மாதிரித்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு வெளிர்பழுப்பு, தொட்டால் வயிறு மட்டும் ஆடும், முன்பக்கம் நடுவில் கறுப்புக் கோடு ஒன்று இறங்கும். எங்கள் வீட்டுக் கணக்கில் பன்னிரண்டு நாளிலிருந்து பதினாறு நாளுக்குள் பூச்சி வந்திருக்கிறது. எல்லாக் கூட்டிலிருந்தும் பூச்சி வராது. ஒரு தடவை பூச்சிக்குப் பதிலாக ஐந்து ஈ வந்தது. புழுவாக இருக்கும்போதே ஈ தன் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறது.

இப்போது நான் கெடுத்த கதை. பூச்சி வெளியே வரும்போது இறக்கை நனைந்த கைக்குட்டைபோல் சுருங்கியிருக்கும். உடனே மேலே ஏறித் தொங்க வேண்டும், தொங்கினால்தான் இறக்கை விரியும். என் டப்பா வழுவழு பிளாஸ்டிக். ராத்திரி முழுக்க ஏறி ஏறி வழுக்கி விழுந்திருக்கிறது. காலையில் பார்த்தால் இறக்கை சுருங்கியபடியே காய்ந்துவிட்டது. பறக்க முடியாததை நந்தியாவட்டையில் கொண்டுபோய் வைத்தேன், மத்தியானத்துக்குள் கட்டெறும்பு பிடித்துவிட்டது. "இதுக்குத்தான் புடிச்சு வெச்சியா?" என்றார் அம்மா. அடுத்த தடவை டப்பாவுக்குள் சாக்குத் துண்டைச் சுவர் முழுக்க ஒட்டி, சொரசொரப்பான குச்சி ஒன்றையும் சாய்த்து வைத்தேன். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்தப் பூச்சி குச்சியில் ஏறி, அம்மா கண்ணெதிரே இறக்கையை விரித்தது. அதன்பிறகு வாதம் இல்லை.

பூச்சியின் தோற்றம்

இறக்கையை விரித்தால் ஒன்பதிலிருந்து பதினொரு சென்டிமீட்டர். உட்காரும்போது போர் விமானம் மாதிரி இறக்கையைப் பின்னுக்குச் சாய்த்து வைக்கும், அப்போது மொத்தமும் ஒரு முக்கோணம். முன் இறக்கையில் அடர்பச்சை, இளம்பச்சை, வெள்ளை, ரோஜா என்று அலை அலையாகப் பட்டைகள். ராணுவத்தார் சட்டை என்று பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள், சரியான ஒப்புமைதான். உறுதிக்குப் பார்க்க வேண்டியது இறக்கையின் அடி, உடம்போடு சேருமிடம். அங்கே வெளிறிய ஒரு திட்டு, அதன் நடுவில் கரும்பச்சைப் பொட்டு ஒன்று. அதற்கடுத்து இறக்கையின் குறுக்கே ரோஜா கலந்த வெளிர்ப்பட்டை. வெளிப்பக்கம் கத்தரிப்பூ நிறச் சாயல். பின் இறக்கை மங்கல், பூச்சி உட்கார்ந்திருக்கும்போது தெரியாது. வயிறு பருத்து, பச்சையாக, நுனி கூர்ந்திருக்கும்.

செத்துக் காய்ந்த பூச்சியில் பச்சை வெளுத்து மஞ்சள்பழுப்பாகிவிடும். பழைய பூச்சியை வைத்துக்கொண்டு "இது பச்சை இல்லையே" என்று குழம்ப வேண்டாம், கோடுகளைப் பாருங்கள்.

மலைப்பக்கம் போனால் ஒன்றில் மட்டும் கவனம். இதன் நெருங்கிய சொந்தம் டாஃப்னிஸ் ஹைபோதஸ். காப்பிக் குடும்பத்துச் செடிகளையும் ஏழிலைப்பாலையையும் தின்கிறது. அது மொத்தத்தில் இருண்ட பச்சை, முன் இறக்கையின் நுனியில் சின்ன வெள்ளைப் பொட்டு இருக்கும். நம்முடையதற்கு அந்தப் பொட்டு கிடையாது. படம் எடுக்கும்போது இறக்கை நுனி தெளிவாக விழவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிரோடு பறப்பதைப் பார்க்க வேண்டுமானால் அந்தி மங்கும் நேரத்தில் அந்திமந்தாரையோ மல்லிகையோ பூத்த இடத்தில் ஆடாமல் நில்லுங்கள். பூவில் உட்காராது. தேன்சிட்டுபோல் அந்தரத்தில் நின்றுகொண்டு நீள உறிஞ்சியை உள்ளே விடும். இன்னொரு வழி விடியக்காலம் பெட்ரோல் பங்க். ராத்திரி முழுக்க விளக்கு எரியும் வெள்ளைச் சுவர், பக்கத்தில் அழகுக்கு நட்ட நந்தியாவட்டை. ஆறு மணிக்குள் போனால் உண்டு. அதற்குப் பிறகு மைனா முந்திவிடும். வீட்டிலேயே வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி விளக்கு வைத்தும் பார்க்கலாம். அமாவாசையை ஒட்டி வையுங்கள், நிலா இருந்தால் வரவு குறைவு. இரண்டு மணி நேரத்தில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பல்லிக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

எங்கெல்லாம் இருக்கிறது

ஆப்பிரிக்காவும் தெற்காசியாவும் இதற்குச் சொந்த ஊர். இந்தியாவின் சமவெளிகளிலும் இலங்கையிலும் சாதாரணமாக உண்டு. மத்தியதரைக் கடல் ஓரத்தில் அரளி இருக்கும் பல இடங்களில் இதையும் பார்க்கலாம். அங்கிருந்து கோடையில் வடக்கே பறந்து இங்கிலாந்துவரைகூடச் சிலது போய்ச் சேரும். ஆனால் அந்தக் குளிரைத் தாங்காமல் அங்கே நிலைப்பதில்லை. ஹவாய் தீவுகளில் 1974 முதல் இருக்கிறது. அது தானாகப் பரவிய இடம் அல்ல, மனிதன் வழியாகப் போனது. இங்கிலாந்தில் ஒன்று வந்தால் அங்குள்ளவர்களுக்கு அது பெரிய செய்தி. நம்மூரில் கோயில் நந்தவனத்தில் நாலு புழு நெளிந்தாலும் யாரும் எழுதி வைப்பதில்லை. சாதாரணமானது என்பதாலேயே பதிவு குறைந்துபோகிறது. எந்த மாவட்டத்தில் எந்த மாதம் எந்தச் செடியில் என்று கேட்டால் நம்மிடம் பதில் கொஞ்சம்தான்.

அதனால் பார்த்ததைப் பதியுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடலாம், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் போடலாம். ஜூலை கடைசி வாரம் தேசிய அந்துப்பூச்சி வாரம் என்று 2012 முதல் நடக்கிறது, நம் கணக்கில் ஆடி தொடக்கம். அப்போது போட்டால் அடையாளம் சொல்ல ஆட்கள் நிறையக் கிடைப்பார்கள். புழுவுக்கு மூன்று படம்: விலாப்பக்கம் முழு நீளம், கண் திறந்திருக்கும்போது முன்பக்கம், கொம்பு. அளவுக்குப் பக்கத்தில் பேனா மூடியை வைக்கலாம். நாலாவதாகச் செடியின் பூவோடு ஒரு படம். இதைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். "ஏதோ ஒரு செடி" என்று எழுதினால் பாதிப் பயன் போய்விட்டது. வீட்டு மாடியில் எடுத்ததானால் இடத்தை மறைத்துக் காட்டும் வசதி செயலியில் இருக்கிறது, அதைத் தட்டிவிடுங்கள். தேடிப்போய்க் கிடைக்காத நாளை நான் தனி நோட்டில் குறித்து வைக்கிறேன். எங்கள் காட்டில் பங்குனி சித்திரையில் அந்த நோட்டு முழுக்க சைபர்தான், ஆடிக்கு மேல்தான் எண் ஏறும்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. இது இலை தின்னும் புழு. செடிக்கு ஒன்றிரண்டு இருப்பதற்காக மருந்து அடிப்பது கணக்குக்கு ஒத்துவராது. நாங்கள் வேலியோரம் எட்டு நந்தியாவட்டை வைத்து, அரளியில் கிடைக்கும் குஞ்சுப்புழுக்களை, பொரித்து ஒரு நாள் இரண்டு நாளுக்குள்ளேயே, அங்கே மாற்றிவிடுகிறோம். அந்த வயசில் சில தின்றுவிடுகின்றன, வளர்ந்த பிறகு மாற்றினால் நான் சொன்னதுபோல் பட்டினிதான். ஒரு செடியில் சில நாள் புழுக்கை விழுந்து, சட்டென்று நின்றுபோனால் புழு இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தச் செடியடியில் சருகைக் கூட்டாதீர்கள், கொத்தாதீர்கள்.

போன வாரம் நான் வரப்பில் நின்று பூக்கூடையைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து அம்மா குரல் கொடுத்தார்: "ஏழாவது வரிசையில மிளகு கெடக்குது, வந்து பாரு."